சம்மட்டித் தெருவில் எல்லோருக்கும் காது கேட்கும்

நான் கத்திப் பேசுகிறேன் என்று சொல்லாத ஆள் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. முதல் வாரம் மரியாதையாகச் சொன்னார்கள். இரண்டாவது வாரம் பக்கத்து மேசைப் பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள். மூன்றாவது வாரம் மேலதிகாரியே என்னை ஓரமாக அழைத்து, "மேடம், கொஞ்சம் மெதுவா..." என்று உள்ளங்கையால் காற்றை அமுக்கிக் காட்டினார். எனக்கு வந்ததே கோபம்! திருவொற்றியூர்க்காரி என்றால் இவர்களுக்கு இளக்காரம். தரமணியில் ஏசியில் உட்கார்ந்துவிட்டால் எல்லோருக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்று மனசுக்குள் திட்டினேன். ஆனால் சம்பளம் கொடுக்கிறவர்கள் ஆயிற்றே. அன்றிலிருந்து அங்கே பேசுவதற்கென்று தாழ்ந்த குரல் ஒன்றைப் பழகிக்கொண்டேன். அதற்கு நானே வைத்த பெயர் ஆபீஸ் குரல்.

மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஐம்பது தாண்டிய பிறகு இந்த வேலைக்கு வந்தேன். வேலை இதுதான். உலகத்தில் உள்ள நாடுகள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றி என்ன கேட்டன, எப்படிக் கேட்டன, என்ன பதில் வந்தது என்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அலுவலகம், மற்ற நாளெல்லாம் மாதவரத்தில் என் வீட்டு மேசை. தனியாக இருப்பவளுக்கு அது நல்ல துணைதான். காலையில் காபியோடு ஒரு நாட்டுக்குள் நுழைந்தால், மத்தியானம் சாப்பாட்டுக்கு வேறொரு நாட்டிலிருந்து எழுந்து வருவேன்.

போகப் போகத்தான் அந்த அட்டவணை என்னைப் பயமுறுத்த ஆரம்பித்தது. பணக்கார நாடுகளில் மாற்றுத்திறனாளிகள் ஏராளம். ஏழை நாடுகளில் ஆளே இல்லை. இது என்ன கூத்து? சாலை இல்லாத, ஆஸ்பத்திரி இல்லாத, இரும்பிலும் சுரங்கத்திலும் கை கால் போகிற நாடுகளில் எல்லோரும் கல்லு மாதிரி இருக்கிறார்களாம். நூறு வயது வரை வைத்தியம் பார்க்கிற நாட்டில் ஐந்தாறு பேருக்கு ஒருவர் தள்ளாடுகிறாராம். சரி, ஆட்களை விட்டுவிட்டுக் கேள்வியைப் பார்ப்போம் என்று பார்த்தால் விஷயம் அங்கே இருந்தது. ஒரு நாட்டில், "இந்த வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா? ஆம், இல்லை." அவ்வளவுதான். வாசலில் நின்று ஊனம் என்கிற சொல்லைச் சொன்னதும் எந்த வீட்டில் ஆம் என்பார்கள்? இன்னொரு நாட்டில் அந்தச் சொல்லே வராது. "காது கேட்பதில் உங்களுக்குச் சிரமம் உண்டா? சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், கேட்கவே கேட்காது." இப்படி நாலு படி. படியில் எங்கேயாவது ஒரு கால் வைத்துவிடுவார்கள். ஒரு நாட்டில் காது மிஷின் மாட்டியிருந்தாலே கணக்கில் சேர்வீர்கள்; வேறொரு நாட்டில் மிஷின் மாட்டியும் கேட்காவிட்டால்தான் சேர்வீர்கள். அதே மனிதர் விமானம் ஏறி இறங்கினால் ஊனம் போய்விடும், திரும்பி வந்தால் ஒட்டிக்கொள்ளும்.

வெறுமையாகக் கிடக்கிற கட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் முதுகில் ஏதோ ஊரும். அந்தக் கட்டத்துக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், உட்கார்ந்து என்னைப் பார்க்கிறார்கள் என்று தோன்றும். யாரிடம் சொல்வது? ஜன்னலைத் திறந்து வெளியே பார்ப்பேன். அங்கேயும் ஒரே அமைதி. சில வருஷங்களாகவே சிட்டுக்குருவி சத்தத்தைக் கேட்க முடியவில்லை. மழை பெய்த சாயங்காலத்தில் சில்வண்டு கத்துவது கூட நின்றுபோயிற்று. செல்போன் கோபுரம் வைத்து எல்லாவற்றையும் கொன்றுவிட்டார்கள் பாவிகள் என்று அலுவலகத்தில் ஒரு நாள் புலம்பினேன். பக்கத்து மேசைப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். காதில் ஒயரை மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

நான் பிறந்து வளர்ந்த தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் இரும்பு அடிக்கும் ஆலை ஒன்றின் மதில்சுவரை ஒட்டிய தெரு. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் வைத்து, வீடு உயரச் சம்மட்டி மேலிருந்து விழும். விழுந்தால் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர் நகரும். பகலும் இரவும் மூன்று ஷிப்ட். தெருப் பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் நாங்கள் சொல்வது சம்மட்டித் தெரு. நைனா அங்கேதான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். நைனா என்றால் என் அப்பா; எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

இரவு ஷிப்ட் முடித்தவர்கள் பகலில் தூங்குவார்கள். அவர்களைக் கதவைத் தட்டி எழுப்ப முடியாது. அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மீன்பிடி நைலான் நரம்பின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். மறு முனை ஜன்னல் வழியாக வெளியே தொங்கும், நுனியில் ஒரு பழைய நட்டு கட்டியிருக்கும். எழுப்ப வேண்டியவர் தெருவில் நின்று சுண்டி இழுத்தால் போதும். மத்தியான வெயிலில் தெரு முழுக்க ஜன்னலுக்கு ஒரு நரம்பு தொங்கும். ஒவ்வொரு நரம்பின் மறு முனையிலும் ஒரு ஆள் பிணம் மாதிரிக் கிடப்பார். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் திகைப்பார்கள். எங்களுக்கு அது வீட்டில் கொடி கட்டித் துணி காயப்போடுவது போலத்தான் இருந்தது. ஏன் தட்டி எழுப்ப முடியாது என்று நான் ஒரு நாள் கூட யோசித்ததில்லை.

ஆலையை மூடிப் பல வருஷம் ஆகிறது. சம்மட்டி நின்றுவிட்டது. ஆனால் தெருவின் குரல் இறங்கவில்லை. இன்றைக்கும் அந்தத் தெருவில் உப்பு கடன் கேட்டால் ராயபுரம் வரைக்கும் தெரியும். பேசும்போது எதிராளியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். பாசக்காரர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எனக்கு விழுந்த பகுதி எங்கள் தெருவும் அதைச் சுற்றியுள்ள சந்துகளும்தான். டீச்சர்களைத்தானே அதற்கு அனுப்புவார்கள்? மாற்றுத்திறன் பற்றிய கேள்வி வந்ததும் மற்ற டீச்சர்களுக்குக் கூச்சம். வாசலில் நின்று அதைக் கேட்டால் வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று, கண்ணால் பார்த்துவிட்டு "இல்லை" போட்டுக்கொண்டு போவார்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை. எனக்கு வேலையில் கள்ளத்தனம் பிடிக்காது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ஆளையும் முன்னால் உட்கார வைத்து, முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"கண்ணு நல்லா தெரியுதா?"

"தெரியுதே!"

"காது நல்லா கேக்குதா?"

"ஏன் கேக்காம? சோக்கா கேக்குது!"

என் தெருவில் நின்று என் தெருக் குரலில்தான் கேட்டேன். அவர்களும் அதே குரலில் பதில் சொன்னார்கள். நைனாவையும் கேட்டேன். "இன்னா பாப்பா, என்னையே டெஸ்ட் பண்றியா? நல்லா கேக்குதுன்னு எய்து" என்று சிரித்தார். எழுதினேன். எங்கள் தெருவில் கேட்கும் குறைபாடு உள்ளவர் ஒருவர் கூட இல்லை. பெருமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. போன வருஷம் ஒரு சம்பவம் நடக்கிற வரைக்கும்.

மூடிய ஆலைக்கு அடுத்தாற்போல் ஒரு கெமிக்கல் கம்பெனியின் வாயுக் கிடங்கு இருக்கிறது. ஒரு மத்தியானம் அங்கிருந்து மூக்கை எரிக்கிற நெடி கிளம்பியது. தெருவே துணியால் வாயைப் பொத்திக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடியிருக்கிறது. நைனா பகல் தூக்கத்தில் இருந்தார். ஷிப்ட் போய் எத்தனை வருஷம் ஆனாலும் அந்தத் தூக்கம் போகவில்லை. எதிர்வீட்டு மாமு, அவரோடு ஒரே சம்மட்டியில் வேலை பார்த்த தோஸ்து, ஓடுகிற வழியில் நின்று நரம்பைச் சுண்டி எழுப்பி இழுத்துக்கொண்டு போனார். கண்ணெரிச்சலோடு தப்பித்தார்கள். அடுத்த மாதமே மாமுவை அவர் மகள் புழலில் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். எதிர்வீட்டுக்கு வேறு குடும்பம் வந்தது. நைனாவின் ஜன்னலில் நரம்பு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, இழுக்க ஆள் இல்லாமல்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. எண்பதை நெருங்குகிற மனுஷன். இன்னொரு நெடி வந்தால் யார் எழுப்புவது? மாதவரத்துக்கு வாருங்கள் என்றால், "உன் வூட்ல எனுக்கு மூச்சு முட்டுது, பாப்பா. அங்க சனங்க பேசவே மாட்டேன்றாங்கோ" என்பார்.

கம்பெனி கொஞ்சம் பயந்திருந்தது. அபாயச் சங்கு வைப்பதாகச் சொன்னார்கள். சங்கைக் கேட்க முடியாதவர்கள் வீட்டுக்குத் தலையணைக்கு அடியில் வைத்தால் குலுக்கி எழுப்புகிற ஒரு கருவி தருவதாகவும் சொன்னார்கள். அதற்கு ஒரு படிவம். அந்தப் படிவத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "வீட்டில் செவித்திறன் குறைபாடு உள்ளவர் உண்டா? ஆம், இல்லை." எந்தக் கேள்வியைப் பார்த்து அலுவலகத்தில் தலையில் அடித்துக்கொள்வேனோ, அதே கேள்வி என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. கீழே இன்னொரு வரி: "உடன் வசிப்பவர் சங்கைக் கேட்டு எழுப்புவாரா?"

நைனா பார்த்துவிட்டு இல்லை என்ற இடத்தில் விரலை வைத்தார். "செவிடுன்னு கையெத்து போட சொல்றியா? ஏரியால ஒருத்தன் என்னை அப்டி சொன்னது கெடையாது."

அவர் சொன்னது உண்மைதான். ஒருத்தன் சொன்னது கிடையாது. அது எப்படி? அப்போதுதான் முதல்முறையாக யோசித்தேன். அவர் திரும்பி உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆபீஸ் குரலில் கேட்டேன்.

"நைனா, காது கேக்கறதுல கஷ்டம் கீதா?"

நெத்திலியின் தலை ஒன்று கிள்ளப்பட்டுத் தட்டில் விழுந்தது.

"கொஞ்சம் கஷ்டமா, ரொம்பக் கஷ்டமா?"

இன்னொரு தலை விழுந்தது.

"நைனா. நெருப்பு பிடிச்சிக்கிச்சு."

அவர் மெல்ல ஏதோ முணுமுணுத்துக்கொண்டே அடுத்த மீனை எடுத்தார். இரண்டு அடி தூரம். என் மூச்சு அவர் சட்டைக் காலரில் பட்டிருக்கும். இந்த மனுஷனோடு ஐம்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரமே பழைய கணக்கெடுப்பு டீச்சராகத் தெருவில் இறங்கினேன். கையில் தாள் இல்லை. நலம் விசாரிக்கிற சாக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அவர்கள் முகம் திருப்புகிற நேரம் பார்த்து ஆபீஸ் குரலில் ஏதாவது கேட்டேன். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அக்கா திரும்பவில்லை. இட்லிக் கடை அண்ணன் திரும்பவில்லை. ஆலைக்குள் கால் வைக்காத, சுவருக்கு இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்த என் வயதுப் பெண்கள் கூடத் திரும்பவில்லை. முன்னால் போய் நின்றால் கண் என் உதட்டில் வந்து உட்காரும். "இன்னாமே, காத்தா வுடறே? வாயைத் தொறந்து பேசு!" என்று சிரிப்பார்கள். வீடு வீடாகப் போகப் போக எனக்குப் பட்டப்பகலில் வியர்த்தது. கலகலவென்று பேசிக்கொண்டிருக்கிற தெரு. என் குரலைக் கொஞ்சம் இறக்கியதும் அத்தனை பேரும் என்னை விட்டு எங்கேயோ போய்விட்டார்கள்.

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நான் எழுதிக் கொடுத்தது எல்லாம் மேலே போய்ச் சேர்ந்திருக்கிறது. வார்டாகி, மாவட்டமாகி, மாநிலமாகி, கடைசியில் நாடாகி, இப்போது என் கணினியில் ஒரு வரியாகத் திரும்பி வந்திருக்கிறது. மற்ற நாடுகளோடு அதைப் பக்கத்தில் வைத்து, ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பதுதான் எனக்குச் சம்பளம். அடச்சீ என்றிருந்தது. அன்று அட்டவணையில் மற்ற வரிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெயர் கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத நாடுகள். அங்கேயும் சுவரோரத் தெருக்கள் இருக்கும். அங்கேயும் என்னைப் போல நேர்மையான டீச்சர் ஒருத்தி முகத்துக்கு நேராக நின்று கத்திக் கேட்டிருப்பாள்.

இனிமேல் செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நைனா கையெழுத்துப் போட மாட்டார். பிடிவாதம் பிடித்தால் சம்மட்டியாலும் வளைக்க முடியாது. மாதவரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான். வேலை கணினியில்தானே? எங்கே உட்கார்ந்தால் என்ன?

"நான் வந்துட்றேன் நைனா. சங்கு சத்தம் எனக்குக் கேக்கும். உன்ன எழுப்பறேன்."

"அதான் சரி" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நீ இருக்க சொல்ல எனுக்கு இன்னாத்துக்கு மிஷினு?"

படிவத்தில் செவித்திறன் குறைபாடு, இல்லை. உடன் வசிப்பவர் கேட்டு எழுப்புவாரா, ஆம். கீழே என் கையெழுத்து. எதிர்வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த கம்பெனி சேஃப்டி அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் சங்கை ஊதிச் சோதிப்பார்களாம், அன்று மத்தியானத்தோடு பட்டியல் முடிந்துவிடுமாம். "புது மாடல்மா. பழைய ஆலைச் சங்கு மாதிரி ஊ...ன்னு இருக்காது. கீச்சுன்னு கூர்மையா இறங்கும், காதுல ஊசி குத்தற மாதிரி" என்று பெருமையாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை. நல்ல வெயில், கடல் காற்று. பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. நைனா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், நான் பக்கத்தில். எதிர்வீட்டில் புதிதாக வந்த குடும்பத்தின் மருமகள், வந்தவாசிப் பெண், கல்யாணமாகி மூன்று மாதம், மாவுக் கையோடு வாசலில் நின்றாள். அதிகாரி தெருமுனையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினொன்று ஆயிற்று. ஒன்றும் இல்லை. பதினொன்று ஒன்று. எனக்குப் பொறுமை போய்விட்டது. "பாத்தியா நைனா? ஒரு சங்கு ஊதத் துப்பில்லை. இவனுங்களா நம்மளக் காப்பாத்தப் போறானுங்க?" நைனா தலையாட்டிச் சிரித்தார்.

அப்போது தெரு நாய்கள் மூன்றும் எழுந்து நின்று மூக்கை வானத்துக்குத் தூக்கி ஊளையிட ஆரம்பித்தன. பட்டப்பகலில் நாய் ஊளையிட்டால் யாருக்கு நல்லது? யார் வீட்டில் என்ன ஆயிற்றோ என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். ஆலை மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. தெரு அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அக்கா நின்றாள், இட்லிக் கடை அண்ணன் நின்றார், எல்லோரும் தலையைத் தூக்கி, எப்போது ஊதுவான் என்று கம்பெனிப் பக்கம் பார்த்தபடி நின்றார்கள். நாய்கள் மட்டும் ஊளையிட்டுக்கொண்டே இருந்தன.

எதிர்வாசலில் வந்தவாசிப் பெண் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். மாவு அவள் கன்னத்தில் வழிந்தது.

தெருமுனையில் அதிகாரியும் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு நின்றார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். காற்று கேட்டது. நாய் கேட்டது. தூரத்தில் லாரி கேட்டது. காதைக் கூர்மையாக்கி, கண்ணை மூடிக்கொண்டு, எங்கேயாவது ஒரு இழை இருக்கிறதா என்று தேடினேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. குருவி நினைவுக்கு வந்தது. மழைக்குப் பிறகு கத்தாமல் போன சில்வண்டு நினைவுக்கு வந்தது. பக்கத்து மேசைப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. அடிப்பாவி, சொல்லியிருக்கக் கூடாதா? நான் கண்ணைத் திறந்தபோது நாய்கள் ஊளையை நிறுத்திவிட்டுப் படுத்திருந்தன. அந்தப் பெண் கையை எடுத்திருந்தாள்.

"இன்னா பாப்பா, எப்பத்தான் ஊதுவானாம்?" என்றார் நைனா.

"ஊதி முடிச்சிட்டான் நைனா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் உதட்டை அல்ல, முகத்தை. நிறைய நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, அவரால் முடிந்த அளவு மெதுவாக, "உனுக்கும் இல்லியா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காது போனதற்கு இல்லை. கேட்டு எழுப்புவேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேனே. இந்த மனுஷன் அதை நம்பி நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நானும் பக்கத்து அறையில் உட்கார்ந்து எந்த நாட்டில் எத்தனை பேருக்குக் காது கேட்காது என்று எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

ஓட்டமும் நடையுமாகத் தெருமுனைக்குப் போனேன். அதிகாரி, "எப்படிம்மா இருந்தது சத்தம்? ரொம்ப அதிகமோ?" என்றார். அந்த நேரத்தில் நான் அவர் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது.

"என் படிவத்தைக் குடுங்க. தப்பா எழுதிட்டேன்."

படிவக் கட்டிலிருந்து உருவிக் கொடுத்தார். அவருடைய பேனாவையே வாங்கி, இல்லை என்பதை அடித்துவிட்டு, ஆம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். கேட்டு எழுப்புவாரா என்ற இடத்தில், மாட்டார் என்று எழுதினேன். எழுதி முடிக்கும்போது காகிதத்தின் மேல் ஒரு நிழல் விழுந்தது. நைனா பின்னாலேயே நடந்து வந்திருந்தார்.

"எனுக்கும் போடு" என்றார்.

"நைனா..."

"போடுன்றேன் இல்ல? நீ மட்டும் தனியா இன்னாத்துக்கு?" பேனாவை என் கையிலிருந்து பிடுங்கி, என் பெயருக்குக் கீழே அவரே கையெழுத்துப் போட்டார். பின்னால் குழாயடி அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாத்துக்குமே கையெத்து?" என்று கத்தினாள். நான் என் தெருக் குரலை எடுத்துக் கத்திச் சொன்னேன். சங்கு ஊதி முடிந்தது, யாருக்காவது கேட்டதா என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இட்லிக் கடை அண்ணன்தான் முதலில் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே அதிகாரியிடம் வந்தார். மத்தியானத்துக்குள் அவர் கையில் இருந்த வெற்றுப் படிவங்கள் தீர்ந்துபோயின.

கருவி வந்து சேரப் பத்துப் பதினைந்து நாளாகும் என்றார்கள். அதுவரைக்கும்?

அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நைனா பெட்டியிலிருந்து இன்னொரு நைலான் நரம்பை எடுத்தார். கீழே உட்கார்ந்து, சின்ன வயதில் செருப்பு வார் மாட்டிவிட்டது போல என் காலைப் பிடித்து, கட்டைவிரலில் சுருக்குப் போட்டார். மறு முனையை ஜன்னல் வழியாக அவருடைய நரம்புக்குப் பக்கத்தில் விட்டேன். வெளியே போய் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் பயந்துகொண்டே வந்தாள். விஷயத்தைச் சொல்லி இரண்டு முனைகளையும் அவள் கையில் கொடுத்தேன். அவள் ஏதோ சொன்னாள். ரொம்ப மெல்லிய குரல் போல. எனக்கு உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

"சங்கு ஊதுனா இழுக்கணும்மா. சும்மா இல்லை, நல்லா இழுக்கணும். மறந்துட மாட்டியே?"

அவள் பெரிதாகத் தலையாட்டினாள்.

உள்ளே வந்து பாயில் படுத்தேன். நைனா கட்டிலில் படுத்திருந்தார். இரண்டு நரம்புகளும் வெயிலில் மின்னிக்கொண்டு ஜன்னல் வரை போயின. அதற்கு அப்பால் அவள் நிற்கிறாளா, போய்விட்டாளா என்று தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. கண்ணை மூடினேன்.

சுண்டி இழுத்தது. நானும் நைனாவும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண், வேலை செய்கிறதா என்று பார்த்தேன் என்பது போல, கையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.